என் கன்னத்தில் ஓரம் தேடிய துரை

1

கட்டைபறிச்சானிலிருந்து என் தங்கச்சி செல்லம் கடிதம் போட்டிருக்கிறாள். என்னைப் போல அவளுக்கும் எழுத்து வராது. பக்கத்து வீட்டு வாத்தியாரின் பெண்சாதியைப் பிடித்து எழுதுவித்திருக்கிறாள். நலம், நலமறிய ஆவல் என்று நாலு வரி. சிவப்பி கன்று போட்டதைப் பற்றி எட்டு வரி. அதற்குப் பிறகு இப்படி: "அக்கா, நீ லண்டனில் பேயாகத் திரிகிறாய் என்று மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் கதைக்கிறார்கள். நீ செத்துப்போனதை எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை?"

நான் சாகவில்லை. முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாள் படையல், முப்பத்தோராம் நாளுக்குக் கன்னியா வெந்நீரூற்றில் கிரியை என்று யாராவது ஏற்பாடு செய்திருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடவும். ஆனால் பேயாக இருப்பது உண்மைதான். சனிக்கிழமைகளில் பின்னேரம் இங்குள்ள பிள்ளைகள் தேநீர் குடிக்கிற நேரத்தில் தொலைக்காட்சியில் வருகிறேன். மூழ்கிப்போன கப்பலில் குடியிருக்கிற ஒரு கடல் பிராணி நான். முகத்தில் செதில், கன்னத்துக்குப் பின்னால் செவுள், நெற்றியில் சிப்பி. வாய் மட்டும் என்னுடையது.

இதை ஆளுக்கொரு கடிதமாகச் சொல்லி முடியாது. ஊரில் எல்லாருக்கும் ஒரே தடவையில் விளங்கட்டும் என்றுதான் இந்தக் குறிப்பு.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ஹாஜரா. மூதூர்ப் பிள்ளை. இங்கே லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. நான் "வந்தனான்" என்று சொல்ல அவள் "வந்தேன்" என்று எழுதுகிறாள்.

"ஏன் புள்ள மாத்திறாய்?" என்று கேட்டேன்.

"அப்பிடி எழுதினாத்தான் அக்கா அச்சுல போடுவாங்க."

சரி, அச்சில் வருகிறபோது சேலையைக் கொஞ்சம் இழுத்துச் செருகிக்கொண்டு வரத்தானே வேண்டும். இனி வருகிற நல்ல தமிழெல்லாம் அவளுடையது. பிழையெல்லாம் நான் செய்தது.

2

என் மகன் குணம் கணக்கியல் படிக்கத்தான் லண்டனுக்கு வந்தவன். அவனுடைய அப்பா திருகோணமலை டொக்யாட்டில் கப்பல் இயந்திரம் பூட்டுகிற பிற்றர். வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் அதே தொழில், அதே சாப்பாட்டுப் பெட்டி, அதே இரும்பு வாசம். "என்ர பெடியன் கையில கிறீஸ் படக்கூடாது" என்று சொல்லிச் சொல்லியே அவனை அனுப்பினார். அவர் காலமான அடுத்த வருசம் மகன் எனக்கு ஆறு மாத விசா எடுத்து, "வந்து என்னோட இருங்கோ அம்மா" என்று கூப்பிட்டான். வந்தேன்.

வந்த அன்றே அவனுடைய அறையைக் கூட்டப் போனேன். யன்னலோரம் வரிசையாக ஏழு காதுகள். ஏழும் இடது காது. பக்கத்தில் ஒரு சவர்க்காரப் பெட்டி நிறைய மூக்கு.

நான் கத்தவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். பிள்ளை படிக்கப் போன இடத்தில் என்ன தொழிலுக்குள் விழுந்துவிட்டான் என்று காதுகளைத் திரும்பவும் எண்ணினேன். பின்னேரம் அவன் வந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, ஆற்ற காது இது?"

"ஒருத்தரிட்டையும் எடுக்கேல்ல அம்மா. ரப்பர்."

"ரப்பரில காது என்னத்துக்கு? ஒட்டுக் கேக்கவோ?"

அவன் சிரிக்கவில்லை. உண்மை வெளியே வந்தது. கணக்கியலை ஒன்றரை வருசத்துக்கு முன்பே விட்டுவிட்டானாம். ஒரு தொலைக்காட்சிக் கம்பனிக்குப் பிராணிகள் செய்கிற பட்டறையில் தற்காலிக வேலையாம். பேய், பூதம், வேற்றுக் கிரகத்து மனிதர், பாதி நாயாக மாறின பொலிஸ்காரன், எல்லாம் இவன் கை.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வரத்தான் பார்த்தது. ஆனால் ஒரு பழைய காரியம் நினைவில் குறுக்கே நின்றது. இவனுக்கு ஆறு வயதிருக்கும்போது நான் பிள்ளையார் கதை விரதத்துக்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தேன். இவனும் ஒரு உருண்டை மாவை வாங்கி அங்காலே திரும்பி இருந்து என்னவோ செய்தான். நான் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அவித்துவிட்டேன். மூடியைத் திறந்தால் நீராவிக்குள் பல்லை இளித்துக்கொண்டு ஒரு அசுரன் இருக்கிறான். நான் மூடியைப் போட்டுவிட்டு ஓடினேன். இவனுடைய அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செய்திருக்கிறான்" என்று அசுரனின் இரண்டு காதையும் பிய்த்துத் தின்றார். ஆக, பிள்ளைக்கு அன்றைக்கே வேலை பழக்கிவிட்டவர்கள் நாங்கள்தான். இப்போது யாரைப் பிடித்து ஏசுவது?

கோபத்தை விடப் பெரிய தலையிடி வேறு இருந்தது. படிப்பை விட்டதால் அவனுடைய மாணவ விசா முடிகிற தறுவாய். இமிக்கிறேசன் கந்தோரிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். எல்லாம் மண்ணிறக் கடித உறை. நான் எழுத்துத் தெரியாதவள். ஆனால் மண்ணிற உறையைக் கதவடியில் கண்டால் நானும் மிதிக்காமல் சுற்றிப் போவேன். பட்டறைத் தலைவர் "இவன் எங்களுக்கு நிரந்தரமாக வேண்டும்" என்று ஒரு கடிதம் கொடுத்தால் இருக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்தத் தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். வெறும் காது மூக்கு போதாது. முழுப் பிராணி ஒன்றை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, ஒரு உயிருள்ள முகத்தில் தனியாகச் செய்து காட்ட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை குறித்துக் கொடுத்தார்.

இதற்குள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், காலையில் எழும்பியதும், "எப்ப தம்பி ஊருக்குப் போறது?" மத்தியானம் சோறு போடும்போது, "அங்க இப்ப சூடை மீன் பட்டிருக்கும்." பின்னேரம் இருட்டினதும், நாலு மணிக்கே இருட்டுகிற நாடு இது, "உதென்ன நாடு, சூரியனும் அரைநாள் லீவில போகுது." மூன்று வேளையும் மருந்து கொடுக்கிற மாதிரிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

3

அவன் செய்து காட்ட வேண்டிய பிராணி ஒரு கடல் கிழவி. நடிக்க வைத்திருந்த நடிகை வெறும் ஒத்திகைக்காக நாலு மணித்தியாலம் கதிரையில் அசையாமல் இருக்க ஏலாது என்று மறுத்துவிட்டாளாம். சோதனைக்கு ஒரு கிழட்டு முகம் கிடைக்காமல் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"கிழட்டு முகம் எண்டால் இங்க ஒண்டு சும்மாதானே கிடக்குது," என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். ஒரு தாயைப் பிள்ளை பார்க்கிற பார்வை இல்லை அது. சந்தையில் மீனைத் திருப்பிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"கன்னமெலும்பு நல்லாயிருக்கு அம்மா," என்றான்.

என் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒருத்தரும் சொல்லவில்லை.

முதலில் முகத்துக்கு அச்சு எடுக்க வேண்டும். அதற்குக் கடல்பாசியில் செய்த ஒரு மா. தண்ணீரில் குழைத்தால் களி மாதிரி வரும். அதைக் கண், வாய் எல்லாவற்றையும் மூடி அப்பிவிடுவான். மூக்குத் துவாரம் இரண்டை மட்டும் விடுவான். களி இறுகினதும் அதற்கு மேல் முறிந்த காலுக்குப் போடுகிற மாதிரிச் சாந்துத் துணிக் கட்டு. அரை மணித்தியாலம் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, முகம் அசையக்கூடாது. ஏதும் வேண்டுமென்றால் விரலைத் தூக்க வேண்டும்.

நான் அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தேன் என்று ஊரில் சொன்னால் நான் பேயானதை நம்புகிறவர்களும் இதை நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தேன். குசினியில் வாங்கில் மல்லாக்கப் படுத்து, குளிருக்கு வெள்ளைப் போர்வையைக் கழுத்து வரை இழுத்து, கையை நெஞ்சில் கோத்துக்கொண்டு, முகம் முழுக்க வெள்ளைக் கட்டோடு கிடந்தேன். மகன் கை கழுவ மேலே போனான். அந்த நேரம் பார்த்து ஹாஜரா வட்டிலப்பம் கொண்டு வந்திருக்கிறாள்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அக்கா" என்று ஒரு குரல். பிறகு ஒரு அமைதி. பிறகு, "இன்னா லில்லாஹி..." என்று சாவுக்கு ஓதுகிறதைத் தொடங்கி, "அக்கா! என்ன இது, நேத்துத்தானே என்னோட சண்டை பிடிச்சீங்க! அந்த அரிசி புடைக்கிற சுளகைத் திருப்பித் தரல்ல எண்டு நான் கேட்டதையெல்லாம் மன்னிச்சிருங்க அக்கா!"

நான் விரலைத் தூக்கினேன்.

அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவிலே நாய் குரைத்தது. வட்டிலப்பம் நிலத்தில். நான் உள்ளே சிரிக்க ஏலாமல் வயிறு குலுங்க, களி ஒரு கன்னத்தில் பிளந்துவிட்டது. மகன் ஓடி வந்து இரண்டு பேரையும் ஏசினான். திரும்பவும் முதலிலிருந்து.

(இதை எழுதமாட்டேன் என்று ஹாஜரா பேனையை வைத்துவிட்டாள். "எழுது புள்ள, நீ எனக்காக அழுதது ஊருக்குத் தெரியட்டும்" என்றேன். இப்போது எழுதுகிறாள். சுளகைப் பற்றியது வேண்டாமாம். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.)

4

அந்த அச்சுக்குள் சாந்து ஊற்றி எடுத்தால் என் முகம். கண்ணை மூடிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு, குசினி மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. மனிதருக்குத் தன் பிரேதத்தைப் பார்க்கக் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. பரவாயில்லை, அமைதியாகத்தான் இருப்பேன் போல.

அதன் மேல் அவன் களிமண் வைத்துச் செதுக்கத் தொடங்கினான். செதுக்குகிறது என்றால் உளி இல்லை. பல் வைத்தியர் சுரண்டுகிற மாதிரிக் கம்பிகள், தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷ், ஒரு கரண்டிக் காம்பு. நான் அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை பார்க்கிறபோதும் கொஞ்சம் கொஞ்சமாக நான் மீனாகிக்கொண்டிருந்தேன்.

நான் படிக்காதவள். ஆனால் மீன் படிப்பு எனக்குத் தெரியும். உட்துறைமுகக் கரையில் வள்ளம் வந்து தட்டுகிற சத்தத்தில் என்ன மீன் என்று சொல்கிற ஆள் நான். இவன் செவுளைக் கழுத்தில் வைத்திருந்தான்.

"உதென்ன, மீனுக்குக் கழுத்தோ?"

"மனிசருக்குக் கழுத்து இருக்குத்தானே அம்மா. இது ரெண்டும் கலந்த பிராணி."

"கலந்தாலும் மூச்சு விட வேணுமே. கன்னத்துக்குப் பின்னால கொண்டு போ. மூடி மாதிரித் திறந்து மூட வேணும். உள்ளுக்கு வரிவரியாச் சிவப்பு."

அவன் நம்பவில்லை. அடுத்த நாள் சந்தைக்குப் போய் ஒரு பாரைத் தலை வாங்கி வந்து மேசையில் போட்டேன். ஒரு பகல் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செவுளை மாற்றினான். பின்னேரம் அதே தலையைப் புளி விட்டுக் குழம்பு வைத்தேன். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் மீன் முதலில் மாதிரியாக நின்று பிறகுதான் சட்டிக்குப் போனது.

களிமண் முகம் முடிந்ததும் அதற்கு வெளி அச்சு. பிறகு களிமண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, என் சாந்து முகத்துக்கும் வெளி அச்சுக்கும் இடையில் இருக்கிற வெறுமைக்குள் ரப்பர்ப் பாலை ஊற்ற வேண்டும். சும்மா ஊற்ற ஏலாது. கேக்குக்கு முட்டை அடிக்கிற யந்திரத்தில் நுரை பொங்க அடித்து ஊற்றி, அச்சோடு அவண் அடுப்பில் வைத்து மணித்தியாலக் கணக்கில் வேகவைக்க வேண்டும். பட்டறை அவணை மற்றவர்கள் பிடித்துக்கொண்டதால் என் குசினி அவண். நாலு நாள் வீட்டில் டயர் எரிகிற மணம். எதிர் வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் தட்டி என்னவோ கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், "மை சன், குக்கிங் மீ" என்றேன். அவள் பிறகு என்னோடு கதைப்பதில்லை.

வெந்து வந்தது துண்டு துண்டாக: நெற்றி, மூக்கு, நாடி, இடது கன்னம், வலது கன்னம். தொட்டால் இட்டலி மாதிரி மெத்தென்று இருக்கும். ஓரம் மட்டும் வெங்காயத் தோலை விட மெல்லிசு.

"இந்த ஓரத்திலதான் அம்மா எல்லாம் இருக்கு," என்றான் மகன். "தோலோட கலந்து மறைஞ்சு போக வேணும். எங்கட தலைவர் முதலில அதைத்தான் தேடுவார். ஓரம் பிடிபட்டால் சரி, ஊருக்குப் போக வேண்டியதுதான்."

இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போவதென்ற சொல்லை நான் ஆசையாகச் சொல்கிற வீட்டில், அதே சொல்லை அவன் இப்படித் தண்டனை மாதிரிச் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

5

வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் பெண்டுகளுக்கு எண்ணெய் முழுக்கு. அதுவும் நல்ல காரியத்துக்குப் போகிற நாள். மகனுக்கு வாழ்வா சாவா என்கிற ஒரு காரியத்துக்கு முழுகாமல் போவேனா? அவன் விடியவே சாமான்களோடு பட்டறைக்குப் போய்விட்டான். ஹாஜராவின் புருசன் பிறகு என்னைக் காரில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. நான் நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சியில் வைத்து, முகம், கழுத்து, கை எல்லாம் பூசி ஊறவிட்டேன். பிறகு சீயாக்காய் இல்லாமல் வெறும் சவர்க்காரத்தில் முழுகினேன். கண்ணாடியில் பார்த்தேன். முகம் கோயில் விளக்கு மாதிரி மினுங்கியது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு இரண்டு கை எண்ணெய் எடுத்தேன். வழமையாக ஒரு கைதான். முதலாவது கை வெள்ளிக்கிழமைக்கு. முகத்தில் தேய்த்த இரண்டாவது கை எதற்கு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. தேய்க்கும்போது மனசுக்குள் மூதூர் லோஞ் துறையை விட்டுக் கிளம்பியது. அக்கரையில் செல்லம் குடையோடு நிற்கிறாள். அவ்வளவுதான் தெரியும்.

பட்டறையில் என்னைக் கதிரையில் இருத்தி, மகன் பசையைத் தடவி நெற்றித் துண்டை வைத்தான். வழுக்கியது. துடைத்தான். திரும்ப வைத்தான். வழுக்கியது. கன்னத்தை விரலால் தொட்டு, விரலை மணந்து பார்த்தான்.

"அம்மா. என்ன பூசினீங்கள்?"

"ஒண்டும் பூசேல்ல. முழுகினனான்."

"எண்ணெயோ?"

"வெள்ளிக்கிழமையடா!"

ஸ்பிரிட்டை எடுத்து என் முகத்தைத் துடைக்கத் தொடங்கினான். கண் எரிந்தது. மூன்று தரம் துடைத்த பிறகு இடது பக்கம் பிடித்தது. இடது கன்னம், நாடி, மூக்கு, இடது பக்கத்து நெற்றி எல்லாம் ஒட்டி முடிந்தது. வலது பக்கத்துக்கு வரும்போது ஸ்பிரிட் போத்தல் காலி. ஐம்பது வருசத்து எண்ணெய், மேலே சூடான லைட்டுகள். வேர்வையோடு சேர்ந்து வலது கன்னம் ஊறிக்கொண்டே இருந்தது. ஒட்டினான், நழுவியது. அழுத்திப் பிடித்தான். எனக்குத் தும்மல் வந்தது. வலது கன்னமும் பாதி நெற்றியும் கழன்று மடியில் விழுந்தன. எடுத்துப் பார்த்தால் நடுவில் கிழிந்திருந்தது.

மகன் அப்படியே நிலத்தில் குந்தினான். அவனுடைய அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து குந்தின மாதிரி.

"வேணுமெண்டே செய்தனீங்களோ அம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபித்திருப்பேன். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிய வேண்டும் என்று கேட்டான்.  நான் மடியில் கிடந்த கன்னத்தின் கிழிந்த இரண்டு ஓரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தேன்.

வெளியே காலடிச் சத்தம். அவன் எழும்பி, பச்சையும் சாம்பலும் கலந்த பூச்சை எடுத்து இடது பக்கத்து ரப்பருக்குப் பூசின அதே மாதிரி வலது பக்கத்து என் வெறும் தோலுக்கும் பூசிவிட்டான். "கதைக்காதேங்கோ" என்றான். கதவு திறந்தது.

பட்டறைத் தலைவரான துரை உள்ளே வந்தார். துரை என்று சொல்லாதேங்கோ என்று மகன் எப்போதும் கத்துவான். நேவிக்காரர் காலத்தில் பழகின வாய், மாறாது. நெட்டையான ஆள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். என்னைச் சுற்றி வந்தார். லைட் வலது பக்கமாக விழுந்தபடியால் வலது பக்கம் நின்றார். குனிந்தார். கண்ணாடியை இறக்கினார். மூச்சு என் கன்னத்தில் பட்டது.

பிறகு என்னவோ சொன்னார். நல்ல சொல் என்று குரலிலேயே விளங்கியது. வெளியே திரும்பி இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களும் குனிந்தார்கள். என் கண்ணுக்குப் பக்கத்துச் சுருக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னார். மூன்று பேரும் தலையாட்டினார்கள். மகனைப் பார்த்தேன். அவன் ஒரு அடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான்.

அவன் சொல்ல முன்னம் துரை நகத்தை நீட்டிக் காதுக்குப் பக்கத்தில் ஓரத்தைத் தேடினார். சுரண்டினார். இல்லை. தாடைக்குக் கீழே தேடினார். இல்லை. ஆளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடைசியில் இரண்டு விரலால் என் கன்னத்தைக் கொத்தாகப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார்.

"அடேய், கைய எடடா!"

என் கை தானாக எழும்பித் துரையின் மணிக்கட்டில் பளாரென்று விழுந்தது. அவர் இரண்டு அடி பின்னால் பாய்ந்தார். கூட வந்த ஒருவர் கதவில் முட்டினார்.

மகன் இங்கிலிஷில் கடகடவென்று சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இடையில் "ஒயில்" என்றும் "மதர்" என்றும் கேட்டது, கிழிந்த துண்டையும் எடுத்துக் காட்டினான். துரை கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் முன்னால் வந்து இடுப்பில் வளைந்து மன்னிப்புக் கேட்டார். இடது பக்கத்தைக் காட்டி, தொடலாமா என்று கையால் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் ஒரு விரலால், பூனைக்குட்டியைத் தொடுகிற மாதிரித் தொட்டார்.

"நோகுதோ எண்டு கேக்கிறார் அம்மா."

"எங்க தொடுறாராம்?" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மகன் அதை மொழிபெயர்த்தான். துரை இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார், திரும்ப இடது பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிய நேரமெடுத்தது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் மகன் சொன்னான். "எது நீ செய்தது, எது உன்ர அம்மா எண்டு எனக்குப் பிடிபடேல்ல, எனக்கே பிடிபடாட்டி ரிவி பாக்கிற சனத்துக்குப் பிடிபடாது" என்றாராம். கடிதம் திங்கட்கிழமை தருகிறாராம்.

"வேற ஒண்டும் சொல்லேல்லயோ? கனக்கச் சிரிச்சாரே."

"அது வேண்டாம் அம்மா."

"சொல்லடா."

"அந்த நடிகை வேண்டாம், உங்களையே போடச் சொல்றார். பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்காம்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தேன். எண்ணெயைப் பற்றி அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. துரை என் வலது கன்னத்தைப் புகழ்ந்தபோது அவன் வாயைத் திறந்தது உண்மையைச் சொல்லவா, நன்றி சொல்லவா என்று நானும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டுமென்றால் கேட்காத கேள்வியும் இரண்டு வேண்டும்.

6

கம்பனி இரண்டு கடிதம் கொடுத்தது. ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. இரண்டையும் கொண்டு இமிக்கிறேசன் கந்தோருக்குப் போனோம். காலை ஏழு மணிக்கு வரிசை. பத்தரைக்குத்தான் எங்கள் முறை வந்தது. எல்லா நாட்டுச் சனமும் மண்ணிற உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றது. ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. நான்தான் ஒரு ஆபிரிக்கக்காரிக்கு வட்டிலப்பம் செய்கிற முறையைக் கையால் சொல்லிக்கொடுத்தேன்.

மகன் என் படிவத்தை நிரப்பினான். நான் பிறந்த நாளிலிருந்து என்னைப் பற்றி நிரப்பின எல்லாக் கடதாசியிலும் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடுதான். அரசாங்கக் கச்சேரியில் கோடு. ஆசுபத்திரியில் கோடு. என் புருசனின் மரணப் பதிவிலும் என் பெயருக்குப் பக்கத்தில் கோடு. அது கோடு போடுகிற இடம் என்றே நினைத்திருந்தேன். இவன் அந்த இடத்தில் பேனையை வைத்து எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன எழுதிறாய்?"

"பிராணி."

"என்ன?"

"கம்பனிக் கடிதத்தில அப்பிடித்தான் கிடக்கு அம்மா. மாத்தி எழுதினாப் பிழையாப் போயிடும்."

கவுண்டரில் ஒரு நடுவயது மனிதர். படிவத்தை வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றார். திரும்ப வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் மரியாதையாகச் சிரித்தேன். மகனிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன பிராணி எண்டு கேக்கிறார்."

"கடல் பிராணி எண்டு சொல்லு. திருகோணமலை எண்டும் சொல்லு. அங்கத்தைய கடல் ஆழம்."

அவர் அதை எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு இன்னொரு கேள்வி. மகன் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டான். 

"எப்ப ஊருக்குத் திரும்பிப் போவீங்கள் எண்டு கேக்கிறார் அம்மா."

மூன்று வேளையும் நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. முதல் தடவையாக வேறொருவர் கேட்கிறார், அதுவும் கையில் முத்திரையோடு. மகன் கவுண்டர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய நகத்துக்குள் அந்தப் பச்சைப் பூச்சு இன்னும் போகவில்லை.

"கதையில நான் கடைசிக் கிழமைதான் சாகிறன்," என்றேன். "அதுவரைக்கும் இருப்பன் எண்டு சொல்லு."

சொன்னான். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

சனிக்கு ஒன்றாக ஆறு கிழமைக் கதை அது. ஆறாவது கிழமை என்னைக் கப்பலோடு சேர்த்து வெடி வைத்துக் கொல்வதாக இருந்தது. நான் பசை ஒட்டட்டும் என்று வெள்ளிக்கிழமை முழுக்கைச் செவ்வாய்க்கு மாற்றி, பெட்டியையும் பாதி அடுக்கிவிட்டேன். ஆனால் ஐந்தாவது கிழமை பிள்ளைகள் கம்பனிக்குக் கடிதம் போடத் தொடங்கிவிட்டார்களாம், கடல் ஆச்சியைக் கொல்ல வேண்டாம் என்று. ஒரு பிள்ளை எனக்குக் காலுக்குப் போடுகிற ஒரு சோடி மேசும் அனுப்பியிருந்தது, தண்ணிக்குள் குளிரும் என்று.

கதை எழுதுகிறவரும் வெடியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே வருகிறார். இரண்டு வருசமாகிறது. என்னைக் கொல்ல இன்னும் அவர்களுக்கு மனம் வரவில்லை.